மாட்டாத டிஸ்க்குகள்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு டிஸ்க்குகூட இல்லை. கேபிள்களை மெக்கானிக்கே உருவி மேஜையில் போட்டிருந்தான். ஆனாலும் திரையில் நான்கு டிஸ்க்குகள் வரிசையாக நின்றன.

கறிக்கடைக்காரர் ரிப்பேருக்குக் கொண்டுவந்து போட்ட கம்ப்யூட்டர் அது. டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் கார்டைச் செருகினால் மதர்போர்டு முரண்டு பிடிக்கும். உருவினால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி. காலையிலிருந்து இரண்டுக்கும் பஞ்சாயத்து பண்ணியே அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. மத்தியான வெயில் சன்னலில் அடிக்க, உள்ளே சுழலும் ஃபேனில் ஒட்டிய கொழுப்பு சூடேறி நாறியது. அடுக்களையில் மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மதர்போர்டில் டிஸ்க்குகள் மாட்டும் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான் வழி. முதல் போர்ட்டை அணைத்தான். திரையில் முதல் டிஸ்க் மறைந்தது. நறுக்கும் சத்தம் நின்றது.

"என்னங்க, வலது கை மரத்துப்போச்சு."

"உதறி விடும்மா, சரியாயிடும்."

இரண்டாவதையும் அணைத்தான்.

"இடது கையும்ங்க! பயமா இருக்கு, கொஞ்சம் வாங்களேன்."

"இதோ வந்துட்டேன்."

சேமித்தால்தான் மாற்றம் நிலைக்கும். ஒரு பொத்தான்தானே என்று தட்டிவிட்டு எழுந்தான்.

தரையில் ஏதோ கனமாக விழுந்தது. இன்னொன்றும். பிறகு அலறல்.

ஓடினான். ரத்தம் வழுக்கியது. அவளுடைய இரண்டு கைகளும் தோளோடு அறுந்து கிடந்தன; ஒன்று இன்னும் கத்தியை விடவில்லை. துண்டால் அமுக்கினான். ரத்தம் பீறிட்டது. அவள் கண் சொருகியது. அவளை விட்டால் அவனுக்கு யாருமில்லை.

மேஜைக்குப் பாய்ந்தான். எல்லாம் பழையபடி. ஆரம்ப நிலை. சேமி.

கார்டை உருவவில்லை. செருகிய கார்டோடு ஆரம்ப நிலைக்குத் திருப்பினால் அது டிஸ்க்குகளைத் தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றிவிடும். தொழிலுக்கு வந்த புதிதிலேயே படித்த பாடம், பதற்றத்தில் பறந்துபோயிருந்தது.

திரையில் நான்கும் வந்தன. மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு.

அலறல் நின்றது.

"என்னங்க, சரியாயிடுச்சான்னு பாருங்களேன்."

போனான். அவள் நின்றுகொண்டிருந்தாள். உடைக்கு அடியில் பத்துக் கைவிரல்களும் ரத்தத்தில் விரிந்து தரையை அழுத்திப் பிடித்திருந்தன. அவன் அழுதுவிட்டான்.

"அழாதீங்க," என்றாள். தோளிலிருந்து தொங்கிய கால் முழங்காலில் மடங்கி எழுந்தது. பாதம் நீண்டு வந்து, விரல்களால் மெல்ல அவன் கண்ணைத் துடைத்தது.