ஜன்னலுக்குக் கீழே ஓர் ஈரம்

இரண்டாம் கோட் பெயின்ட் அடித்து நான்கு நாளாகியும் ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் காயவில்லை. ஒரு சின்ன உள்ளங்கை அகலம்தான். இருபது வருடமாக ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் தடவிப் பார்த்த பெயின்டருக்கு, தன் வீட்டுச் சுவர் புரியாமல் போனது.

அந்த இடத்தில்தான் மகள் குருவி கை பதித்திருந்தாள். ஏழு வயதில், மஞ்சள் பெயின்ட் காய்வதற்குள், இது என் கையெழுத்து என்று சொல்லி. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பெற்றவர்கள் அந்த அறையைத் தொடவில்லை. கார்ட்டூன் ஸ்டிக்கர்களும் குட்டைக் கட்டிலும் ஐந்து வருடம் அப்படியே கிடந்தன.

போன மாதம் மனைவி அறை வாசலில் நின்று சொன்னாள்.

"அவளுக்கு இப்ப பதினாலு. இந்த ரூம்ல எப்படிங்க படுப்பா?"

செத்த பிள்ளைக்கு ஏது வயசு என்று கேட்கத்தான் நினைத்தார். ஆனால் அன்றுதான் ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அட போகட்டும், சுவர்தானே என்று ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தார். கைத்தடத்தின் மேல் பட்டி மாவு பூசும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். மேலே பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட் சாம்பல் நிறம். ஆளுயரக் கண்ணாடி வந்தது, விளக்குச் சரம் வந்தது, படிப்பு மேசை வந்தது. கட்டிலுக்கு அளவு கேட்ட ஆசாரியிடம், பொண்ணு அஞ்சடி மூணு அங்குலம் என்று மனைவி சட்டென்று சொன்னாள்.

அவர் அவளிடம் மறைத்தது ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, மாலை நாலு மணிக்கு, குதிகால் தரையில் படாத குருவியின் சின்னக் காலடிச் சத்தம் தினமும் வரும். நடையைக் கடந்து அறைக்குள் போய் அடங்கும். தனக்குக் கேட்காதது இவருக்குக் கேட்கிறது என்று தெரிந்தால் பெற்றவள் தாங்கமாட்டாள். அதனால் அந்த ஆறுதலை அவர் தனியாகவே வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டும் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார், பாவி.

ஐந்தாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெயின்ட் வாடை வீடு முழுக்க நின்றது. நாலு மணிக்குக் காலடி வந்தது. அறை வாசலில் நின்றது. உள்ளே போகாமல் திரும்பியது. சமையலறைக் கதவருகே நின்றது. குளியலறை. ஸ்டோர் ரூம். மறுபடி நடை. வழி தவறிய பிள்ளை வீடு வீடாகப் பார்ப்பதுபோல.

அவர் எழுந்து அறைக்குள் போய்ப் பார்த்தார். ஈர இடத்தில் சாம்பல் நிறம் சுரண்டப்பட்டிருந்தது. பட்டியோடு. சின்னச் சின்ன நகக்கீறல்கள். அடியில் மஞ்சள்.

ஐயோ என் கண்ணே என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டார். சாமான் பையிலிருந்து பட்டித்தகட்டை எடுத்துவர ஓடினார். எல்லாவற்றையும் சுரண்டிவிடலாம். இன்றைக்கே. பழைய கட்டிலைக்கூடப் போட்டுவிடலாம்.

நடையில் அவர் இடுப்புக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"அப்பா, என் ரூம் எங்கப்பா?"

குளிர்ந்த சின்னக் கையொன்று அவர் விரல்களைப் பற்றியது. நகங்களில் பெயின்ட் பிசுபிசுத்தது. குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பிடித்த கையை விடவும் மனமில்லை.

இப்போதுதான் ஆளில்லாமல் இருந்த அறைக்குள் மனைவி சிரித்தாள்.

கதவு பாதி திறந்திருந்தது. விளக்குச் சரம் எரிந்தது. புதுக் கட்டிலில் உட்கார்ந்து மனைவி ஒருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உயரமான பெண். அஞ்சடி மூணு அங்குலம் இருப்பாள். ஆளுயரக் கண்ணாடியில் முகம் தெரிந்தது.

அதில் அவர் ஜாடையும் இல்லை, மனைவி ஜாடையும் இல்லை.

குருவி அழ ஆரம்பித்தாள்.

சீப்பு நின்றது. மனைவி தலையைச் சாய்த்தாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்குக் கேட்டது.

"யாருங்க அது வெளியில அழுறது?"

அவர் அந்தச் சின்னக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உயரமானவள் எழுந்து வந்தாள். அவரைப் பார்த்தாள். கீழே, அவர் பக்கத்தில், பார்த்தாள்.

"யாருமில்லம்மா," என்றாள்.

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.