முகம் வார்த்த கண்ணாடி

தேவிகாவும் முருகானந்தமும் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. முன்பிருந்த கோவில்பத்து வீட்டில் கண்ணாடி உருக்கும் மின்சூளை வைக்க வழியில்லை. இங்கே மும்முனை மின்சாரம் இருந்தது. சுவர்களில் அரசலாற்றின் ஈரவாடை.

வீட்டுக்கார அம்மா ஆஸியா பீவி பின்னறைச் சன்னலை மூடியிருந்த துணியை விலக்கினார். வெளிர்பச்சைக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்த ஒரு பெண்ணுருவம். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வெள்ளைக்காரன் காலத்துது. தொழுவுற எடத்துல உருவம் இருக்கக்கூடாதுல்ல, அதான் மூடியே வச்சிருந்தோம். ஒங்களுக்கு இதுதானேம்மா தொழிலு? கழட்டிக்கிங்க."

"சும்மாவா தர்றீங்க?"

"எடுத்துக்கிட்டாப் போதும்மா."

தேவிகா இத்தனை காலமும் அப்படிப்பட்ட சன்னல்களைத்தான் செய்துவந்தாள். அதில் ஓர் அலுப்பு வந்துவிட்டது. தட்டைக் கண்ணாடிக்கு முன்புறம் உண்டு, பின்புறம் உண்டு. உள்ளே என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் அதில் தங்காமல் கடந்துபோய்விடும். கனமாக, சுற்றிவந்து பார்க்கும்படி ஓர் உருவத்தை வார்க்க அவள் விரும்பினாள்.

முதலில் கணவனின் முகம்.

"ஆபீஸ்ல என்னன்னு சொல்றது? பொண்டாட்டி மூஞ்சிக்கு மாவுக்கட்டு போட்டுட்டான்னா?"

"புருவத்துல வேஸ்லின் நல்லாத் தடவிக்குங்க. பிச்சிக்கிட்டு வந்தா என்னத் திட்டக்கூடாது."

"வந்தா வரட்டும்டி. இருக்கறதே நாலு முடி."

மூக்குத் துளைகளில் குழாய் வைத்து முகம் முழுவதும் அச்செடுக்கும் மாவைப் பூசினாள். அது இறுகும்வரை அவர் பேச முடியாது. வீடு அமைதியாக இருந்தது. குழாய் வழியாக அவர் மூச்சு வந்துபோகும் ஓசை மட்டும்.

அதோடு சேர்ந்து இன்னொரு மூச்சும் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் அந்தப் பெண்ணுருவச் சன்னல்தான் இருந்தது.

மறுநாள் மாவச்சில் மெழுகை ஊற்றி முகத்தை எடுத்தாள். குழாய்கள் இருந்த இரண்டு துளைகளையும் மெழுகால் அடைத்து வழித்தாள். சன்னல் வேலையில் வந்த பழக்கம் அது. எங்கே இடைவெளி தெரிந்தாலும் மழை புகாதபடி கை தானாக அடைத்துவிடும். பிறகு மெழுகைச் சுற்றிச் சூளைக்கான அச்சைக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றினாள். வெவ்வேறு கண்ணாடிகளைச் சேர்த்து உருக்கினால் ஆறும்போது வெடிக்கும். எனவே அந்த ஒரே சன்னலைக் கழற்றி, அதன் கண்ணாடியை முழுவதும் உடைத்து அச்சில் நிரப்பினாள். பெண்ணின் முகம் தீட்டிய துண்டு கடைசியாகப் போனது.

சூளை உச்சவெப்பத்தை எட்டிய மதியம், முருகானந்தம் அலுவலகத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பினார்.

"எரியுது தேவி. ஒடம்பெல்லாம் எரியுது."

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கண்ணாடியை மெல்ல மெல்லத்தான் ஆறவிட வேண்டும். பல நாள் பிடிக்கும். சூளை ஆற ஆறக் காய்ச்சலும் இறங்கியது. அவள் நிம்மதியடைந்தாள்.

ஆனால் அது இறங்கிக்கொண்டே போனது. விரல்கள் சில்லிட்டன. "மூச்சு வுட முடியல. அடைச்சிக்கிட்டு வருது," என்று முணுமுணுத்தார்.

சந்தேகம் வந்து, சூளையின் மூடியை நூலளவு தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே கண்ணாடி கீறும் 'டிங்' ஒலி.

படுக்கையறையில் அவர் அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தாள். காதிலிருந்து உதடுவரை மெல்லிய சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

தேவிகா மறுபடி சூளைக்கு ஓடினாள். அதன் வெப்பத்தைக் கூட்டினாள். அவர் உடம்பு கொதித்தது. குறைத்தாள். குளிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவில் நிறுத்திவிட்டு ஆஸியா பீவியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அந்தச் சன்னல்ல இருந்தது யாரும்மா?"

"தெரியாதும்மா. எங்க மாமியா ஒண்ணு சொல்லும். அது போய் இருக்க ஒரு ஒடம்பு கெடைக்காம நிக்குதுன்னு. நீங்க அத என்னா பண்ணுனீங்க?"

தேவிகா தொலைபேசியை வைத்தாள். அவளே அந்தப் பெண்ணை உருக்கி அவருடைய முகத்துக்குள் ஊற்றியிருந்தாள்.

அன்று பிற்பகல் காற்றும் மழையும் வலுத்தன. மின்விசிறி நின்றது. சூளையின் வெப்பம் காட்டும் எண்கள் அணைந்தன.

"மரம் உளுந்துருச்சுங்க, லேட்டாவும்," என்றார்கள் மின்வாரியத்தில்.

வீட்டிலிருந்த போர்வைகளைச் சூளைமேல் போர்த்தினாள். போதவில்லை. அவர்மேல் கிடந்ததை உருவிச் சூளைமேல் போட்டாள். அவர் நடுங்குவதைப் பார்த்துச் சூளையிலிருந்து எடுத்து அவர்மேல் போட்டாள். இரண்டு அறைகளுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருந்தாள்.

சூளையும் அவர் உடம்பும் ஆறின.

இனிச் சூளையை மூடிவைப்பதில் பொருளில்லை. அச்சை உடைத்து எடுத்தாள். வெளிர்பச்சை நிறத்தில் முருகானந்தத்தின் முகம். கன்னத்தில் ஒரு கீறல். மூக்கின் அடிப்புறம் வழுவழுவென்று மூடியிருந்தது.

"நல்லா வந்துருக்குங்க."

அவர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்னங்க... எழுந்துட்டீங்களா?"

"எழுந்துட்டேங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் ஒருமுறைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவள் நகர்ந்தாள். அவர் கழுத்தைத் திருப்பவில்லை. முழு உடம்பையும் திருப்பி, நேராக அவளைப் பார்த்து நின்றார்.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். மிகவும் நிதானமாகிவிட்டார் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார், தணிந்த குரலில்: "அந்தக் கண்ணாடி மொகம் எதுக்குங்க? ஆத்துல போட்டுடலாமே."

கண்ணாடிக்குள், மூக்குக்குக் கீழே, சிறிதாக மூச்சுப்பனி படிந்து விலகுகிறது. மேற்பரப்பில் அல்ல. துடைத்துப் பார்த்துவிட்டாள், உள்ளேதான். மறுபடி உருக்க அவளுக்குத் துணிவில்லை. ஒருநாள் அடைத்த மூக்குத் துளைகளைத் திறக்கத் துளையிடும் கருவியை அருகே கொண்டுபோனாள். முனை பட்டதுமே கீறல் கண்வரை ஓடியது. கருவியை வைத்துவிட்டாள்.

நேற்றுவரை பனி விலகியதும் அடுத்தது படிந்துவிடும். இன்று மதியம் விலகியது, இன்னும் படியவில்லை.

"சாப்பிட வாங்க," என்று சமையலறையிலிருந்து அந்தத் தணிந்த குரல் வருகிறது.

கண்ணாடி முகத்தை மடியில் வைத்துக்கொண்டு தேவிகா காத்திருக்கிறாள்.