எட்டுப் பேர் ஆடும் ஆட்டம்

இரண்டு கணினிகளைத்தான் போட்டிருந்தாள். திரையில் மூன்று பேர் வந்திருப்பதாகக் காட்டியது.

எண்ணத் தெரியாத நிரல் என்று திட்டலாம்தான். எழுதியவளே அவள் என்பதால் அதற்கும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. திரையில் வெயில் அடிக்காமல் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்ட அந்த நீள அறையில் எட்டு மேஜைகள், எட்டு சுழல் நாற்காலிகள், வாளியில் சொட்டுச் சொட்டாக விழும் ஏசித் தண்ணீர், தரைவிரிப்பிலிருந்து எழும் பழைய தூசி வாடை, இத்தனைக்கும் நடுவே ஐந்து வாரமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத அவள்.

கேள்வி சின்னது. எட்டு மன்னர்கள் நிலம் பிடிக்கும் அவர்களுடைய வியூக விளையாட்டை ஒருவர் கணினியோடு தனியாக ஆடினால் போதுமா, பலர் சேர்ந்து மோதும் வசதியும் வேண்டுமா? வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வெளியீடு, அவளுக்குத் தூக்கம். வேண்டும் என்றால் இன்னும் மூன்று மாதம் இதே நாற்காலி. சோதித்துப் பார்த்து நாலு மணிக்குள் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பச் சொல்லியிருந்தார் முதலாளி. ஆளில்லாத ஆட்டத்தை எவன் வாங்குவான் என்பது அவர் கட்சி. வாழ்நாளில் ஒரு வரி நிரல் எழுதாதவர். ஒருத்தி உட்கார்ந்து யோசிப்பதற்குக்கூட எதிரில் எவனாவது காலாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா என்பது இவள் கட்சி. அவள் வீட்டின் முதல் பட்டதாரி. பொண்ணு ராஜாக்களை மேய்க்கிறாள் என்று பஸ் ஓட்டும் அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மேய்க்கிறவளுக்கு முதுகு ஒடிவது அவருக்குத் தெரியாது.

சோதிப்பதற்காக அவள் எழுதியிருந்த பலர் ஆடும் ஆட்டத்தின் நுழைவுத் திரையில் எட்டு வரிசைகள். வந்தவர் ‘தயார்’ என்பதை அழுத்தினால் அவர் வரிசை பச்சையாகும். எட்டும் பச்சையானால்தான் ஆட்டம் தொடங்கும். முதல் வரிசை அவளுடையது, இன்னும் அழுத்தவில்லை. இரண்டாவது முதலாளியின் கணினி, அவளே போய் அழுத்திவிட்டு வந்தது. மூன்றாவது யார்?

நீளக் கழுத்துக்காக ஒட்டகம் என்று பெயர் வாங்கிய அலுவலக ஓவியனை அழைத்தாள்.

“டேய் ஒட்டகம், வீட்ல இருந்து உள்ள வந்து வெளாடறியா? கொன்னுடுவேன்.”

“முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். கழுத்துல கத்தி இருக்கு தாயே, சிரிக்க வைக்காத.” பிறகு அவனே சொன்னான்: “வெளியில இருந்து எப்படி வர முடியும்? அதுக்கு நீ இன்னும் வழியே போடலையே. நம்ம ரூம் ஒயர்ல இருக்கறது மட்டும்தான வரும்.”

அது அவளுக்கும் தெரியும். இந்த அறைக்குள் இருந்தால்தான் வர முடியும்.

போனை வைத்தபோது நான்காவது வரிசையும் பச்சையாகியிருந்தது.

எழுந்து பார்த்தாள். தன் திரையையும் முதலாளியின் திரையையும் தவிர மற்ற ஆறும் கறுப்பாக இருந்தன. எல்லாக் கணினிகளையும் இணைக்கும் சுவரோரப் பெட்டிக்குப் போய், தன் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, தூசி வாடைக்கு மேலே இன்னொன்று வந்தது: நாள் கணக்கில் குளிக்காமல், சட்டை மாற்றாமல் உட்கார்ந்தே இருந்தவர்களின் வாடை. தன்னுடையதாக இருக்கும் என்று தோளை மோந்து பார்த்தாள். இல்லை.

வரிசை ஐந்து. பச்சை.

மூலையில் ஒரு நாற்காலி புஸ்ஸென்று காற்று விட்டுத் தாழ்ந்தது. யாராவது உட்கார்ந்தால் மட்டும் வரும் சத்தம்.

ஆறு.

ஒரு கொட்டாவி. நீளமாக. அவளுடையதல்ல.

ஏழு. எட்டு.

கதவுக்குப் போக ஏழு மேஜைகளையும் தாண்ட வேண்டும். தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். முதலாளிக்கான அஞ்சலைத் திறந்து ‘வேண்டாம்’ என்று அடித்தாள். இதை அனுப்பிவிட்டால் போதும். நுழைவுத் திரையில், ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் சிறு பெட்டியில், ஒரு வரி வந்தது.

நீங்க மட்டும்தான் பாக்கி.

அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரோ பின்னால் நடந்து வந்தார்கள். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து.

நின்றார்கள்.

பிறகு பாரம். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர், ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பொத்தென்று உட்காருவதுபோல. அவள் மடிமேல். கைகள் அடியில் மாட்டிக்கொண்டன. வேர்த்த முதுகு அவள் வாயை அழுத்தியது. மடியில் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. திரை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

விசைகள் தாமாக அமிழ்ந்தன. ‘வேண்டாம்’ அழிந்தது. அந்த இடத்தில் ‘வேண்டும்’ வந்தது.

அஞ்சல் போய்விட்டது.

முதல் வரிசை பச்சை.

வரைபடம் விரிந்தது. அறையில் ஏழு பக்கமும் மவுஸ்கள் கிளிக் கிளிக்கென்றன. அவளுடைய மன்னன் ஓர் அடி எடுத்து வைத்தான். மடியில் இருந்தது, இனி எழுந்திருக்கும் வேலையில்லை என்பதுபோல, அவள்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டது.