வாசம் பழகும்வரை

தலையணை உறை அவளுடையது இல்லை.

படுத்து, முகத்தைப் புதைத்த பிறகுதான் உர்சினாவுக்கு அது தெரிந்தது. அவளுடைய உறைகள் எல்லாமே வெள்ளை. சோப்பு வாசனையைத் தவிர அவற்றில் வேறெதுவும் இருக்காது. இது நீலக் கட்டம் போட்டது. சுருட்டுப் புகையும், காய்ந்த புல்லும், இரண்டுக்கும் அடியில் ஒரு ஆண் தலையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, யாரோ வெகுநேரம் படுத்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல வெதுவெதுவென்று வாசம் அடித்தது.

எழுந்து விளக்கைப் போட்டாள். பிற்பகல்தான். ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் நவம்பரில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்பி வரும்; மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் ஜன்னல் கறுத்துவிடும். உறையில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

கீழே நிலவறையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே துணி துவைக்கும் இயந்திரம். நேற்று அவளுடைய முறை. பக்கத்து வீட்டு ஹெஃப்டி ஐயாவின் உறை இயந்திரத்துக்குப் பின்னால் எங்கோ விழுந்து கிடந்து, தன் துணியோடு சேர்ந்து வந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் அதில் சோப்பு வாசனை அல்லவா அடிக்க வேண்டும் என்ற நினைப்பு எழுந்தபோது, சமையலறையில் செப்லி விசிலடித்தது.

அவள் ஓடினாள். அறுவை சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து அந்தக் கினிப்பன்றி வாயைத் திறக்கவே இல்லை.

அடுப்போரம் கூண்டு இருந்தது. நடுவில் கம்பிவலை. வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய பெட்டை நுஸ்லி, இந்தப் பக்கம் செப்லி. தையலில் தூசி ஒட்டக் கூடாதென்று மரத்தூளை எல்லாம் அள்ளிவிட்டு, பழைய துண்டு விரித்திருந்தாள். செப்லி முன்னங்காலை ஊன்றி, கழுத்தை நீட்டி, கீச்சு கீச்சென்று விசிலடித்துக்கொண்டிருந்தது. சோறு போடுகிறவரின் காலடி கேட்டால்தான் கினிப்பன்றிகள் அப்படிக் கூப்பிடும். ஆனால் அது அவளைப் பார்க்கவில்லை. கூண்டுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தது.

நூற்பாலைக்காரர்கள் கட்டிய பழைய வீடு அது. ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, இரண்டு சமையலறைகளுக்கும் நடுவிலிருந்த கதவைப் பூட்டி, விளிம்பெல்லாம் சேர்த்து வெள்ளைச் சாயம் அடித்துவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம்தான் ஹெஃப்டி ஐயா தனியாக இருந்தார். இலையுதிர்காலத்தில் செத்தும் போனார். யாருக்கும் தெரியவில்லை. பசியில் செப்லி போட்ட கூச்சல் இந்தக் கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு, உர்சினாதான் வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். திறந்து பார்த்தபோது, தரையில் கிடந்த கிழவரின் சட்டைக் கைக்குள் புகுந்து படுத்திருந்தது அது.

கினிப்பன்றியைத் தனியாக வைக்கக் கூடாது. அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. நுஸ்லியின் ஜோடி கோடையில் போயிருந்தது. இரண்டும் ஒண்டி. குட்டி போடாமல் இருக்கக் கடுவனுக்குக் காயடித்துவிட்டால் சேர்த்து வைத்துவிடலாம் என்று உர்சினா அதை எடுத்து வந்தாள். இப்போது அது தின்ன மறுத்தது. வயிறு காலியானால் கினிப்பன்றி தாங்காது. அது போனால் நுஸ்லியையும் ஜோடி உள்ள வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். பிறகு இந்த வீட்டில் மூச்சு விடுவது அவள் ஒருத்திதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவள் எழுந்து போய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

கால்நடை மருத்துவர் ஸெராய்னாவுக்குப் போன் போட்டாள்.

"புண்ணு சுத்தமாத்தானே இருக்கு? வீக்கம், சீழ் ஏதும் இல்லையே?"

"இல்ல டாக்டர். ஆனா சதகுப்பை இலையக்கூட மோந்து பாக்க மாட்டேங்குது."

"மாவுக் கரைசல ஊசிக்குழாயில விட்டுக்கிட்டே இருங்க, விட்றாதீங்க. பழைய ஆளோட துணி ஏதாவது இருந்தா அதுக்கு அடியில போடுங்க, தெம்பு வரும். அப்புறம், அதோட துணிய பெட்டைக்கும் பெட்டையோட துணிய அதுக்கும் மாத்தி மாத்தி வைக்கிறீங்கல்ல? மொதல்ல வாசம் பழகட்டும். மூஞ்சியெல்லாம் பொறுமையாப் பாத்துக்கலாம்."

நீல உறையைக் கூண்டில் விரித்தாள். செப்லி மூக்கை அதில் புதைத்தது. வெகுநேரம் கழித்து, ஒரு சதகுப்பைக் காம்பை இழுத்துக் கடித்தது. அந்தக் கறுக் கறுக் சத்தத்தைக் கேட்டு உர்சினா தரையில் உட்கார்ந்தே அழுதுவிட்டாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து கை நீட்டியபோது, கொக்கியில் அவளுடைய இரவு உடை இல்லை. கையில் தட்டுப்பட்டது முரட்டுக் கம்பளி. பழுப்பு நிறக் கையில்லாச் சட்டை. பொத்தான் ஒன்று உடைந்திருந்தது. ஹெஃப்டி ஐயா குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டிருப்பார்.

தங்கை ரேகுலாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆம்பள வாடையே ஆகாதுன்னு இருந்தவ, இப்ப செத்த ஆளு சட்டைய மாட்டி வெச்சிருக்கியா? நல்லா இருக்குக்கா உன் குடித்தனம்!"

"விளையாடாத ரேகுலா. என் துணியக் காணோம்."

"தூக்கமில்லாம அந்த எலிக்குப் பால் ஊத்திக்கிட்டிருந்தா துணி என்ன, தலையையே எங்க வெச்சோம்னு தெரியாது. ரெண்டு நாள் இங்க வந்து படு."

வீட்டுக்காரர் இன்னும் சுருக்கமாகப் பேசினார். "ஏம்மா, அந்த வீட்ல ஒண்ணுமே இல்ல. வெறும் தரைதான். சாவி என் இடுப்புல தொங்குது."

அவள் கம்பளிச் சட்டையையும் நீல உறையையும் பால்கனியில் பனிக்குள் வீசினாள். கதவைத் தாழிட்டாள். கை நகத்துக்கடியில்கூட அந்தச் சுருட்டு வாசம் இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்று செப்லி எதையும் தொடவில்லை. குழாயில் விட்ட கரைசல் கடைவாயில் வழிந்தது. மறுநாள் தராசில் வைக்க எடுத்தபோது, கையில் ஒரு வெறும் உறையைத் தூக்குவதுபோல் இருந்தது. மூலையில் சுருண்டு, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது.

தராசை ஒதுக்கி வைத்தாள். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து, விறைத்துப்போன துணிகளை உதறி, அடுப்பில் காட்டிச் சூடாக்கி, கூண்டுக்குள் வைத்தாள். ஈரம் ஆவியானபோது வாசம் சமையலறை முழுக்கப் பரவியது. செப்லி எழுந்து வந்தது. தின்றது.

அது தின்னுகிற சத்தத்துக்கு நடுவில்தான் இன்னொரு சத்தமும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் துணி தரையில் உரசும் சத்தம். மெதுவாக, யாரோ படுக்கையில் புரண்டு வாகாகப் படுப்பதுபோல.

நுஸ்லி கல்லாய் உறைந்துவிட்டது. பயந்தால் கினிப்பன்றி ஓடாது.

உர்சினா மண்டியிட்டாள். சாவித் துவாரத்தில் சாயம் கட்டியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள். கண்ணை வைத்தாள். தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழுந்த வெறும் தரை. வீட்டுக்காரர் சொன்னது சரிதான், சாமான் ஒன்றுமே இல்லை. தரை நடுவில் அவளுடைய இரவு உடை மட்டும் விரித்துக் கிடந்தது. கைகள் இரண்டும் அகல விரிந்து, சுருக்கம் நீவி விடப்பட்டு. அதன் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். கழுத்துப் பட்டியில் ஒரு பள்ளம், தலை அளவுக்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பள்ளத்தின் ஓரத்துத் துணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. மேலிருந்து எதுவோ எழுந்துகொள்கிற மாதிரி.

ஸெராய்னாவுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், நான் இத எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இன்னிக்கே."

"ஐயோ, இந்தப் பனியில பஸ்ஸுலயா? இப்பத்தான் தின்ன ஆரம்பிச்சிருக்கு, குளிர் தாக்குச்சுன்னா அவ்வளவுதான். ஒரு வாரம் அசைக்காதீங்க. என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு உர்சினா. எப்ப ஒண்ணு இன்னொண்ணுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிம்மதியா மெல்லுதோ, அப்ப பழகிடுச்சுன்னு அர்த்தம்."

அவள் போகவில்லை. கதவின் முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டாள். மேசை மேல் இரும்புச் சட்டிகளை அடுக்கினாள். துவாரத்தில் மெழுகை உருக்கி ஊற்றினாள். அடுத்தடுத்த நாட்களில் சத்தமே இல்லை. படுக்கையில் மட்டும் அவளுடைய துணி ஒவ்வொன்றாகப் போய், அவருடையது வந்தது. ஒருநாள் போர்வை. ஒருநாள் காலுறை. அவள் எதையும் வீசவில்லை. கூண்டில் கொண்டுபோய் விரித்தாள். செப்லியின் கன்னம் உப்பிற்று. தையல் காய்ந்தது. புல் கட்டு மளமளவென்று தீர்ந்தது. வீட்டில் அந்த மெல்லும் சத்தம் இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே பனி விழுந்த ஒரு சாயங்காலம், ஜன்னலுக்குக் கீழே பாத்திரம் கழுவும் தொட்டியருகில் நின்று பெருஞ்சீரகத் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் கூண்டில் செப்லி முதன்முதலாக உறுமியது. தொண்டையிலிருந்து வருவதில்லை அது. உடம்பு முழுவதிலிருந்தும் வரும், கீழ்ஸ்தாயியில், இடைவிடாமல். திரும்பிப் பார்த்தாள். வலை ஓரம் நுஸ்லிக்கு எதிரே, பின்புறத்தை இப்படியும் அப்படியும் அசைத்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது. கடுவன் பெட்டையிடம் கொஞ்சுகிற ஆட்டம். சிரிப்பு வந்தது அவளுக்கு. பிழைத்துவிட்டது. இனிப் போகாது.

மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். சுருட்டு வாசம் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இல்லை. கூண்டு நிறைய அவருடைய துணிதான். ஆனால் அவள் மூக்குக்கு அது இப்போது வீட்டு வாசம்.

வாயில் ஏதோ இருந்தது. பெருஞ்சீரகத் துண்டு. அவள் மென்றுகொண்டிருந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி.

தாடை நின்றது.

செப்லி உறுமலை நிறுத்தியது.

உறுமல் நிற்கவில்லை.

அது தரைப் பலகை வழியாக வந்தது. உள்ளங்காலில் ஏறியது. பெரிய நெஞ்சு ஒன்றிலிருந்து, கீழ்ஸ்தாயியில், இடைவிடாமல். மேசை நகரவில்லை. சட்டி ஒன்றுகூட விழவில்லை. கதவுச் சாயம் மட்டும் பொரிந்து உதிரும் சத்தம், விளிம்பு விளிம்பாக.

ஓடு என்றாள் காலிடம்.

கால் கேட்கவில்லை. கை கேட்கவில்லை. கத்தி விரல்களுக்கிடையில் அப்படியே. கண் மட்டும் திறந்திருந்தது.

எதிரே ஜன்னல். கறுத்த கண்ணாடி. அதில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால் விளக்கு. விளக்குக்கும் அவளுக்கும் நடுவில், உத்தரத்தில் தலை இடிக்கும் உயரத்தில், அவளுடைய வெள்ளை இரவு உடையைப் போட்டுக்கொண்டு ஒன்று நின்றது.

ஆடிக்கொண்டிருந்தது.

மெதுவாக. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு.