விரல் வைத்தால் திறக்கும்

பதினேழாம் தேதியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ருக்ஸார் அதை வைக்கவில்லை. பதினேழாம் தேதி நாளைக்குத்தான் வருகிறது.

இரண்டு முறை கரு தங்காமல் போனதால், இப்போது மறுபடியும் நாள் தள்ளியிருப்பதைக் கணவன் முஜீப்பிடம்கூட அவள் சொல்லவில்லை. மாதவிலக்குத் தேதி குறிக்கும் அந்த ஆப்பில் மட்டும் எழுதியிருந்தாள். புள்ளியைத் தொட்டதும் ஒரு குறிப்பு விரிந்தது: ‘இதுவும் தங்காது.’

முஜீப் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போய் இரண்டு நாளாகிறது. சதுரங்கப்பட்டினத்து வாடகை வீட்டில், வெயில் வெள்ளையாய் எரியும் மத்தியானத்தில், ஜன்னல் இடுக்கில் நுழைந்த கடல்காற்று நீளமாக ஊளையிட்டபடி கருவாட்டு வாடையையும் அதற்கடியில் ஊறிய சுவரின் புழுங்கல் நாற்றத்தையும் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திக்கொண்டிருந்தது.

ஆப்பைப் போட்டுக்கொடுத்த தோழி ஹனியாவுக்குப் போன் செய்தாள்.

“எங்கியோ ஒக்காந்துகினு யாராச்சும் இதுல எழுத முடியுமாடி?”

“முடியாதுன்னுதானே இத்த போட்டுக் குடுத்தேன். இதுக்கு நெட்டே கெடையாது. எல்லாம் உன் போனுக்குள்ளயேதான் கீது. உன் வெரல் வெச்சாதான் தொறக்கும்.”

“அப்ப எழுதுனது யாரு?”

“வூட்ல உன்கூட யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல.”

“நீ கதவத் தொறந்து வெளிய நில்லு. நான் ஊரப்பாக்கத்துலேர்ந்து கெளம்புறேன்.”

இதுவரை திரும்பிப் பார்க்காத பழைய மாதங்களை ருக்ஸார் தள்ளிப் பார்த்தாள். முதல் கரு கலைந்த நாளில், ‘இது தங்காது.’ இரண்டாவது கலைந்த நாளில், ‘இதுவும் தங்காது.’ நடுவில் அவள் எழுதாத சின்னச் சின்னக் குறிப்புகள். ‘வலப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.’ ‘பெருவிரல் சூடாக இருந்தது.’ எல்லாமே பதிவாகியிருந்தது அவள் மத்தியானத்தில் கண்ணயரும் நேரத்தில்.

யாரென்று தெரியாமல் ஓடினால், அது கூடவே வந்தாலும் தெரியாது.

கதவைத் தாழிட்டாள். ஜன்னலை அடைத்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். தூசி மட்டும். கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளி, முதுகைச் சுவரில் ஒட்டி, கதவைப் பார்த்துப் படுத்தாள். போன் தலையணையில். ஒரு கை முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது.

தூங்குவதுபோல் கண்களைப் பாதி மூடினாள்.

காற்று நின்றது.

கதவு அசையவில்லை.

தலையணையிலிருந்து போன் மெல்ல நகர்ந்தது. பின்பக்கமாக.

ஈர விரல்கள் அவள் பெருவிரலைப் பற்றின. பழகிய கைபோல, மெதுவாக.

முதுகுக்குப் பின்னால், சுவருக்குள், எழுத்துகளைத் தட்டும் சத்தம்.

பிறகு இன்னொரு கை அவள் இடுப்பைச் சுற்றி வந்து, அடிவயிற்றின்மேல் விரிந்து படிந்தது.

மெல்ல அழுத்தியது.