மேற்குச் சுவரின் ஏழாவது பலகை

நோரீன் காஃப்னி கதவைத் தட்டவில்லை, இடித்தாள். திறந்ததும் உள்ளே வந்து கையிலிருந்த நோட்டீஸை மேசையில் அறைந்தாள்.

"என் வீடு உளுத்துப்போச்சாம், ஐடா! வெள்ளிக்கிழமை இடிக்கப் போறாங்களாம். பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கேன். எது உளுத்திருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ஐடா ப்ரெஸ்காட் முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துருவியவள். ஓய்வுபெற்ற பிறகு, யாராவில் என்ற அந்தப் பேட்டையில் யாருக்கு வில்லங்கம் வந்தாலும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவள் நிதானமாகத் தேநீர் ஊற்றினாள். அவளுடைய தங்கை கணவர் கிளாரி அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நோரீன் குடியிருந்தது சர்க்கரை ஆலைத் தொழிலாளிகளுக்காக நூறு வருடம் முன்பு கட்டிய பலகை வீடு. அந்தக் காலத்து மரம் அப்படியே இருப்பதால்தான் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தது. வீட்டுக்காரருக்கோ அங்கே அடுக்குமாடி எழுப்ப ஆசை. மரம் உளுத்தது என்று ஆகிவிட்டால் பட்டியலும் போகும், வீடும் போகும். திங்கட்கிழமை நோரீன் பிஸ்கட் ஆலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, லெஸ்லி ஹார்கட் என்ற கட்டட ஆய்வாளர் வந்து மேற்குச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். அது மாவாக உதிர்கிறது என்று அறிக்கையும் கொடுத்தார். ஆள் இல்லாத வீட்டில் கைவைப்பதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூவரும் போய்ப் பார்த்தார்கள். கீழிருந்து ஏழாவது பலகை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் படபடத்தது. மழை வழிந்தோட, ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழே உள்ளதன் மேல் இரண்டு விரல் ஏறி உட்கார்ந்திருந்தது. கிளாரி ஆறாவது பலகையின் உச்சியைத் தடவிப் பார்த்தார். அங்கே மட்டும் வெறும் மரம், சாம்பல் நிறத்தில்.

"என்ன நோரீன், ரெண்டு விரலுக்குப் பெயிண்ட்ட மிச்சம் புடிச்சிட்டியா?"

"வாய மூடு, கிளாரி! மேல் பலகை மூடிக்கிட்டு இருந்தா பிரஷ் எப்படிப் போகும்? போன வருஷந்தான் கிரீம் கலர மாத்திப் பச்சை அடிச்சேன். ஒத்தையா, ஏணியில நின்னுக்கிட்டு."

ஐடா எல்லாப் பலகையையும் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தாள். கத்தி எங்கேயும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை நகர மன்றக் கூடத்தில், தலைவர் ட்ரெவர் போல்ட்டின் முன்னால் அந்தப் பலகை கிடந்தது. நோரீன் வீட்டின் அதே பச்சை. தொட்டால் உதிர்ந்தது. ஹார்கட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத நீங்களே கழட்டுனீங்களா, மிஸ்டர் ஹார்கட்?" என்றாள் ஐடா.

"என் கையால. ஏழாவது பலகை. சந்தேகமா?"

"இதுல எது மேல் விளிம்பு?"

அவர் ஒன்றைக் காட்டினார். பிறகு யோசித்து இன்னொன்றைக் காட்டினார்.

"எதுவா இருந்தாலும் சரி. ரெண்டுலயும் ஓரம் வரைக்கும் பச்சை இருக்கு. சுவத்துல இருந்த பலகைன்னா, உச்சியில ரெண்டு விரலுக்கு மேல் பலகை மூடியிருக்கும். போன வருஷம் அடிச்ச பச்சை அதுக்குள்ள எப்படிங்க நுழைஞ்சுது? இது அந்தச் சுவத்துல இருந்ததே இல்ல. எங்கேயோ கெடந்த உளுத்த கட்டையத் தரையில போட்டு, முழுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. சொந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது பெயிண்ட் அடிச்சவரா இருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

கிளாரி தொடையைத் தட்டினார். ஹார்கட்டின் முகம் வெளுத்துப்போனது.

"நெஜப் பலகை எங்க?" என்று கேட்டாள் ஐடா.

"வீட்டுக்காரர் கொட்டகையில," என்றார் ஹார்கட் முணுமுணுப்பாக. "அதுல ஒரு பொத்தல்கூட இல்ல."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, இடிக்கிற உத்தரவு ரத்து. குறிப்புல 'ஆய்வில் தவறு நேர்ந்தது'ன்னு எழுதிக்குங்க."

நோரீன் எழுந்தாள். 

"தவறா? தவறுன்னா நான் பிஸ்கட்ல உப்ப அள்ளிப் போடுறது. பிரஷ் எடுத்து, என் பச்சையத் தேடிப் புடிச்சு, ரெண்டு கோட்டிங் அடிச்சது தவறா? பொய்னு எழுதுங்க."

"அம்மா, அது கொஞ்சம் கடுமையான வார்த்தை…"

"என் வீட்ட இடிக்கிறேன்னு எழுதுனப்போ கடுமையாத் தெரியலையா? எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அவள் நகரவில்லை. கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுத்தர் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். நோரீன் குனிந்து அந்த ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகு ஹார்கட் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு என் பலகையோட வா. சுத்தியல் நான் தர்றேன்."