ரேடியேட்டரில் ஊற்றிய குளத்துத் தண்ணீர்

சாவியை உருவிக் கையில் வைத்திருந்தான் எலியா. அப்படியும் டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறி, பாதியில் நின்று, இறங்கியது.

பாறசாலையில் பாதி வண்டிகளைச் சரிசெய்கிறவன். அவன் காரே அவன் காலை வாரிவிட்டது. செவ்வாய்க்கிழமை உதியன்குளங்கரையில் கொதித்து நின்றதில், மனைவி சரோஜத்துக்கு டயாலிசிஸ் ஒன்று தவறிப்போயிற்று. சாலையோரப் பாசிக்குளத்தில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றித்தான் வீடு சேர்ந்தான். அன்றிலிருந்துதான் இந்த ஏற்ற இறக்கம். தெர்மோஸ்டாட்டை மாற்றினான், சென்சாரை மாற்றினான், காற்றை வெளியேற்றிப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. இன்று ஹர்த்தால், ஆட்டோகூடக் கிடைக்காது. இன்றைய டயாலிசிஸும் தவறினால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். மீன் கழுவிய தண்ணீரை மூன்று நாள் மூடிவைத்த நாற்றம் மூக்கிலேறியது. மேலே ஆறிய கஞ்சியின் ஆடை போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டான். இளஞ்சூடு. நேற்று மாலைக்குப் பிறகு என்ஜினை அவன் ஓட்டவே இல்லை.

"நேரம் ஆச்சு, கேட்டியளா?" வாசலிலிருந்து சரோஜம் கூப்பிட்டாள். வீங்கிய கால்களில் செருப்பு நுழையவில்லை.

"இன்னா வாறேன்."

தண்ணீரை வடிக்க அடியிலிருந்த திருகு துருவேறி அசையவில்லை. பெட்ரோல் எடுக்கிற பழக்கத்தில் ரப்பர் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். காற்று வந்தது. பிறகு எதுவோ அடைத்தது. பலமாக உறிஞ்சினான்.

கொழகொழவென்று வாய்க்குள் வந்தது.

துப்புவதற்குள் தொண்டைக்குப் போயிற்று. ஒரு கணம் அங்கே பற்றி நின்றது. பிறகு தானாகவே இறங்கியது.

விரலை விட்டுக் குடைந்தான். எச்சில்தான் வந்தது. குழாயில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

புதுக் கூலண்ட் ஊற்றி வண்டியை எடுத்தான். வழியெல்லாம் முள் அசையவில்லை. பத்தே முக்காலுக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வாசல்.

"வண்டி செரியாயிற்றா?" என்றாள் சரோஜம், நிம்மதியாக.

"செரியாயிற்றாக்கும்."

அவன் குரல்தான். ஆனால் அவன் பேசவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். வாய் திறந்திருந்தது. அவன் நாக்கு அசையாமல் கிடந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சாம்பல் நிறம். ஈரம்.

"என்ன இது, வாயொழுகுது?" சரோஜம் சேலைத் தலைப்பைச் சுற்றிய விரலை அவன் உதட்டருகே கொண்டுவந்தாள்.

தள்ளிவிட நினைத்தான். கை எழவில்லை. வாய் மட்டும் அகலத் திறந்தது. உள்ளேயிருந்த அது அவள் விரலை நோக்கி முன்னால் வந்தது.